கையும் காலும் ஒத்து வரலையா? கராத்தே வகுப்பில் முதல் மூன்று மாதம்



நம் கூட்டமைப்பின் ஏற்பாட்டில் சனிக்கிழமை தோறும் பள்ளிக்கூட மைதானத்தில் கராத்தே வகுப்பு நடக்கிறது. உறுப்பினர்களின் பெண் பிள்ளைகள் வருகிறார்கள். உறுப்பினர்களும் சிலர் சேர்ந்திருக்கிறோம். முதல் நாள் மைதானம் நிறைய ஆள் இருந்தது. ஐந்தாவது வாரம் பார்த்தால் பாதிப் பேரைக் காணோம்.

ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டோம். "டியூஷன் இருக்கு", "மாட்டைப் பிடிச்சுக் கட்டணும்", "தம்பியப் பாத்துக்கணும்" என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை மட்டும் கடைசியில் உண்மையைச் சொன்னது.

"மாஸ்டர் வலது கைங்கிறாரு, எனக்கு இடது கை போகுது. பயந்துக்கிட்டு கடைசி வரிசையில நின்னு முன்னாடி இருக்கிறவங்களப் பாத்துப் பண்றேன். திரும்புன்னு சொன்னதும் நான்தான் முதல் ஆளா நிக்கிறேன். பாக்க யாருமே இல்ல. எல்லாரும் சிரிக்கிறாங்க அத்தை. எனக்கு இது வராது."

பக்கத்தில் நின்ற அம்மாவும், "ஆமாக்கா, இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கையும் காலும் ஒத்து வராது. விட்டுடுன்னு நானே சொல்லிட்டேன்" என்றார்.

சகோதரிகளே, இதை நாம் யோசிக்க வேண்டும். "பொம்பளப் புள்ளைக்குக் கராத்தே எதுக்கு?" என்று ஊரில் கேட்டபோது நாம் எல்லோரும் சேர்ந்து பதில் சொன்னோம். தலைமை ஆசிரியரைப் பார்த்து மைதானம் கேட்டு வாங்கினோம். இப்போது யாரும் தடுக்கவில்லை. யாரும் தடுக்காமலேயே பிள்ளை நின்றுவிட்டது. அதுவும் முதல் மாதத்தில் கை கால் குழம்புவது எல்லோருக்கும் நடக்கும் என்று ஒருவரும் அதற்குச் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

கராத்தே - ஒரு சின்ன அறிமுகம்

கராத்தே ஜப்பான் நாட்டின் தெற்கே உள்ள ஒகினாவா தீவில் வளர்ந்த கலை. 'வெறும் கை' என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இன்று வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லித் தரும் 'பினான்' என்ற ஐந்து பாடங்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கியவர் இடோசு ஆன்கோ என்ற ஆசிரியர். அவருடைய மாணவர்களில் ஒருவரான புனாகோஷி கிச்சின் 1922-ல் டோக்கியோவுக்குப் போய் இந்தக் கலையைச் செய்து காட்டினார். அதன் பிறகு ஜப்பான் முழுவதும் பரவியது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேயும் ஒரு போட்டியாக இருந்தது.

வகுப்பில் மூன்று பகுதி உண்டு. குத்து, தடுப்பு, உதை இவற்றைத் தனித்தனியாகப் பழகுவது 'கிஹோன்' என்ற அடிப்படைப் பயிற்சி. அவற்றை வரிசையாகக் கோர்த்து, திசை மாறி மாறிச் செய்வது 'கட்டா'. இருவர் எதிரெதிரே நின்று பழகுவது 'குமித்தே'. நாம் இங்கே பேசப் போவது முதல் இரண்டைப் பற்றி. புதிதாக வருகிறவர்கள் குழம்புவது அங்கேதான்.

ஏன் குழம்புகிறது? நான்கு காரணம்

நாங்களும் வகுப்பில் நின்று செய்து பார்த்தோம். செய்து பார்த்த பிறகுதான் பிள்ளைகள் சொல்வது புரிந்தது.

முதல் காரணம், நடையும் குத்தும் வேறு வேறு. நாம் தெருவில் நடக்கும்போது வலது கால் முன்னே போனால் இடது கை முன்னே வீசும். இரண்டு வயதிலிருந்து இப்படியே நடந்து பழகிவிட்டோம். கராத்தேயில் முதலில் சொல்லித் தரும் 'ஓய் சுகி' என்ற குத்தில் வலது கால் முன்னே வைக்கும்போது வலது கையே குத்த வேண்டும். அதாவது, இத்தனை வருடம் பழகிய பழக்கத்துக்கு நேர் எதிராகச் செய்யச் சொல்கிறார்கள். உடம்பு பழைய வழியில்தான் போகப் பார்க்கும். இதில் நம் குறை ஒன்றும் இல்லை. கொஞ்ச நாள் கழித்து 'கியாக்கு சுகி' வரும். அதில் வலது கால் முன்னே, இடது கை குத்து. முதல் குத்து பழகி முடிவதற்குள் இது வந்தால் மறுபடி ஒரு குழப்பம். இதுவும் எல்லோருக்கும் வருவதுதான்.

இரண்டாவது காரணம், இரண்டு கைக்கும் இரண்டு வேலை. ஒரு கை குத்தப் போகும் அதே நேரத்தில் மற்றக் கை இடுப்புக்குத் திரும்பி வர வேண்டும். இதை 'ஹிகிதே' என்பார்கள். நாம் குத்துகிற கையையே பார்த்துக்கொண்டிருப்போம். இன்னொரு கை எங்கோ தொங்கும். ஆனால் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டியவர்கள் யோசித்துப் பாருங்கள். ஒரு கை குழவியைச் சுற்றும், மற்றக் கை மாவைத் தள்ளிவிடும். முதல் நாள் ஆட்டும்போது விரல் நசுங்கியிருக்கும். இன்று பேசிக்கொண்டே ஆட்டுகிறோம். இரண்டு கைக்கும் இரண்டு வேலை கொடுக்க நமக்கு ஏற்கெனவே தெரியும். இது புது வேலை, அவ்வளவுதான்.

மூன்றாவது காரணம், மாஸ்டர் எதிரே நிற்கிறார். அவர் நம்மைப் பார்த்து நின்று வலது கையைத் தூக்கினால், அது நமக்கு இடது பக்கம் தெரியும். கண் ஒன்று சொல்லும், காது ஒன்று சொல்லும். இதற்கு நடுவில் 'இச்சி, நி, சான், ஷி, கோ' என்று ஜப்பான் எண்ணிக்கை வேறு. எண்ணை ஞாபகம் வைப்பதா, கையை ஞாபகம் வைப்பதா என்று மனசு திணறிப் போகும்.

நான்காவது காரணம் கூச்சம். யாராவது சிரித்தால் தோள் இறுகும், மூச்சு நின்றுவிடும். இறுகின உடம்பு சொன்னபடி கேட்காது. தப்பு வரும். தப்பு வந்தால் இன்னும் சிரிப்பு. இந்தச் சுற்றில் மாட்டிக்கொண்ட பிள்ளை, நான்காவது வாரம் வயிற்று வலி என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும்.

உடம்பு எப்படிக் கற்றுக்கொள்கிறது?

எங்களில் தையல் வேலை செய்யும் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். வகுப்பில் எல்லோரும் திணறியபோது அவர் சொன்னது இது.

"மொத மொத மிஷின்ல உக்காந்தப்ப என்னா பாடு பட்டேன்! பெடலை மிதிச்சா சக்கரம் பின்னாடி சுத்தும், நூல் அறுந்துரும். காலப் பாத்தா கை நின்னுரும், கையப் பாத்தா கால் நின்னுரும். எங்க டீச்சர் நூலே கோக்க விடல. பதினைஞ்சு நாள் வெறும் பேப்பர்ல கோட்டு மேல ஓட்டச் சொன்னாங்க. அப்புறம்தான் துணி. இப்ப டி.வி. பாத்துக்கிட்டே தைக்கிறேன்."

அவர் சொன்னதைத்தான் ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். பிட்ஸ், போஸ்னர் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1967-ல் எழுதிய புத்தகத்தில், புதிய கைத்திறன் எதுவானாலும் மூன்று கட்டமாக வருகிறது என்று விளக்கினார்கள்.

முதல் கட்டத்தில் ஒவ்வோர் அசைவையும் யோசித்து யோசித்துச் செய்கிறோம். தப்பு நிறைய வரும். சீக்கிரம் களைத்துப் போவோம்.

இரண்டாம் கட்டத்தில் தப்பு குறையும். தப்புச் செய்தால் மாஸ்டர் சொல்லாமலே நமக்குத் தெரியும்.

மூன்றாம் கட்டத்தில் யோசிக்காமலே உடம்பு செய்யும்.

வகுப்பை விட்டு நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் முதல் கட்டத்திலேயே நிற்கிறார்கள். வழியில் உள்ள மேட்டைப் பார்த்து, ஊரே இல்லை என்று திரும்பி வருவது போல.

நம் தலையின் பின்பக்கம், பிடரிக்கு மேலே சிறுமூளை என்று ஒரு பகுதி இருக்கிறது. அசைவுகளை ஒத்துப்போகச் செய்வதிலும், நடந்த தப்பைப் பார்த்து அடுத்த முறை திருத்துவதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு. தப்பு வந்தால்தான் அது திருத்த முடியும். ஆகவே முதல் மாதத்துத் தப்பு வீண் இல்லை. ஆனால் வேகமாகச் செய்தால் எது தப்பு என்றே தெரியாது. மெதுவாகச் செய்ய வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

இன்னொன்று, தூக்கம். பகலில் பழகியது இரவு தூங்கும்போது மூளையில் பதிகிறது. இன்று வராத அசைவு மறுநாள் காலையில் சுலபமாக வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதனால் வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பழகுவதை விட, தினமும் பத்து நிமிடம் பழகித் தூங்குவது நல்லது.

வீட்டு முற்றத்தில் செய்ய ஆறு பயிற்சி

இதற்குச் செலவு ஒன்றும் இல்லை. ஒரு துண்டு, ஒரு சிவப்புக் கயிறு, கொஞ்சம் கோலப்பொடி போதும். தரையில் கல், முள் இல்லாமல் பெருக்கிவிட்டு வெறுங்காலில் செய்யுங்கள். ஈரத் தரை வேண்டாம். சேலையில் கால் அகற்ற முடியாது. சுடிதாரோ, டிராக் பேண்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள்.

1. கயிறு கட்டுதல். இடது மணிக்கட்டில் சிவப்புக் கயிறு அல்லது ரப்பர் பேண்ட் கட்டுங்கள். மனசுக்குள் "கயிறு" என்றால் இடது, "வெறும் கை" என்றால் வலது. இடது வலது யோசிக்கும் நேரம் குறையும். ஒரு மாதம் கழித்துக் கழற்றிவிடலாம்.

2. வண்டித் தடம். புதியவர்கள் தடுமாறி விழப் போவதற்கு முக்கியக் காரணம், முன்காலையும் பின்காலையும் ஒரே கோட்டில் வைப்பது. கயிற்றின் மேல் நடப்பது போல் ஆகிவிடும். முற்றத்தில் தோள் அகலத்துக்கு இரண்டு கோடு போடுங்கள், மாட்டு வண்டித் தடம் மாதிரி. இடது கால் எப்போதும் இடது தடத்தில், வலது கால் எப்போதும் வலது தடத்தில். முன் முட்டி மடங்க வேண்டும், பின்கால் நீட்டி ஊன்ற வேண்டும். 'சென்குட்சு தாச்சி' என்று மாஸ்டர் சொல்வது இதுதான். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, காலை மட்டும் மாற்றி மாற்றி ஐந்து அடி முன்னே, ஐந்து அடி பின்னே போங்கள். முதல் வாரம் இது மட்டும் போதும். பேப்பரில் மிஷின் ஓட்டியது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

3. துண்டுப் பயிற்சி. நின்ற இடத்திலேயே, ஒரு துண்டை முதுகுக்குப் பின்னால் இடுப்பைச் சுற்றிக் கொண்டு வந்து, இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடியுங்கள். ஒரு கையை இடுப்புக்கு இழுத்தால் மற்றக் கை தானாக முன்னே போகும். கிணற்றில் ராட்டினத்துக் கயிறு ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் ஏறுவது போல. குத்துகிற கையை மறந்துவிட்டு, இழுக்கிற கையை மட்டும் கவனியுங்கள். பக்கத்துக்கு இருபது முறை. பிறகு துண்டு இல்லாமல் பத்து முறை.

4. கால், பிறகு கை. இரண்டையும் சேர்ப்பதற்கு அவசரப்பட வேண்டாம். முதலில் "ஒண்ணு" என்றால் கால் மட்டும் போய் ஊன்றட்டும். "ரெண்டு" என்றால் அந்தக் காலின் பக்கத்துக் கை குத்தட்டும். இப்படி ஒரு வாரம். அடுத்த வாரம் கால் ஊன்றும் நேரத்திலேயே குத்தும் போய் முடியட்டும். வீட்டில் தமிழிலேயே எண்ணுங்கள். அசைவு பழகிய பிறகு ஜப்பான் எண்ணுக்கு மாறிக்கொள்ளலாம். குத்து முடியும்போது மூச்சை 'ஹும்' என்று வெளியே விடுங்கள். மூச்சைப் பிடித்தால் தோள் இறுகும்.

5. பார், கால், கை. திரும்பும்போதுதான் அதிகக் குழப்பம். இதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தலை திரும்பிப் பார்க்கட்டும். பிறகு கால் நகரட்டும். கடைசியில் கை. "எந்தக் கால் ஊன்றி நிற்கணும், எந்தக் கால் நகரணும்?" என்று மாஸ்டரிடம் இந்த ஒரு கேள்வியை மட்டும் ஒவ்வொரு திருப்பத்துக்கும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

6. கட்டாவுக்குக் கோலம். ஷோடோகான் பிரிவில் முதல் கட்டாவான 'ஹெயான் ஷோடான்' மொத்தம் 21 அசைவு. கால் போகும் வழியைத் தரையில் வரைந்தால் ஆங்கில 'ஐ' எழுத்து மாதிரி இருக்கும். மேலே ஒரு குறுக்குக் கோடு, நடுவில் ஒரு நீளக் கோடு, கீழே ஒரு குறுக்குக் கோடு. அதைக் கோலப்பொடியால் வரையுங்கள். புள்ளி வைத்து, நெளிவு நெளிவாகக் கோலம் போடுகிற நமக்கு இந்த மூன்று கோடு ஒரு பாரமா? கையை விட்டுவிட்டு முதலில் கோட்டின் மேல் வெறுமனே நடங்கள். வழி பழகிய பிறகு நான்கு நான்கு அசைவாகப் பிரித்து, ஒரு துண்டு வந்த பின் அடுத்த துண்டு. வேறு பிரிவுகளில் முதல் கட்டாவின் பெயரும் அசைவும் மாறும். உங்கள் மாஸ்டர் சொல்லித் தருவதையே பின்பற்றுங்கள்.

தினமும் பத்து நிமிடம் எப்படிப் பிரிப்பது?

முதல் இரண்டு வாரம்: வண்டித் தடம் ஐந்து நிமிடம், துண்டுப் பயிற்சி ஐந்து நிமிடம்.

மூன்று, நான்காம் வாரம்: இவை இரண்டும் நான்கு நிமிடம், 'கால், பிறகு கை' ஆறு நிமிடம்.

இரண்டாம் மாதம்: காலும் கையும் சேர்த்து ஐந்து நிமிடம், திரும்புதல் ஐந்து நிமிடம்.

மூன்றாம் மாதம்: அடிப்படை மூன்று நிமிடம், கட்டா ஏழு நிமிடம்.

இடையில் ஒரு வாரம் விட்டுப் போனாலும் பரவாயில்லை. விட்ட இடத்துக்கு ஒரு படி முன்னால் இருந்து ஆரம்பியுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

"இவளுக்கு வராது" என்ற சொல்லைப் பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள். நாம் விளையாட்டாகச் சொல்வோம். பிள்ளை அதை நம்பிவிடும். "இன்னும் வரல" என்று சொல்லிப் பழகுவோம்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் அதில் இருந்தார்கள். சைக்கிளில் கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். விழாமல் கற்றவர் யார்? ஒருவர் விழுந்தால் பக்கத்தில் ஓடி வருகிறவர் பிடித்துக்கொள்வார். தனியாக இருந்தால் பாதிப் பேர் விட்டிருப்பார்கள். கூட்டமாக இருந்ததால் நின்றார்கள்.

பத்து முதல் பதினைந்து வயதில் பிள்ளைகள் திடீரென்று உயர்வார்கள். கை கால் நீளம் மாறும்போது சிலருக்குக் கொஞ்ச நாள் தடுமாற்றம் இருக்கும். நேற்று வந்த அசைவு இன்று வராது. உடம்பு பழகிக்கொள்ள நேரம் கொடுங்கள்.

குழுக்கள் செய்ய வேண்டியது

நாங்கள் மாஸ்டரிடம் உட்கார்ந்து பேசினோம். அவர் நல்ல மனதோடு கேட்டுக்கொண்டார். இப்போது வகுப்பில் செய்துள்ள மாற்றங்கள் இவை. நீங்களும் உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள்.

• புது அசைவு சொல்லித் தரும்போது மாஸ்டர் நமக்கு முதுகு காட்டி நின்று செய்கிறார்.

• புதியவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்தாமல் நடு வரிசையில் நிறுத்துகிறோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பார்த்துச் செய்ய ஓர் ஆள் இருக்கும்.

• ஒவ்வொரு புதியவருக்கும் பழகிய பிள்ளை ஒன்று ஜோடி.

• சிரித்தால் தண்டனை கிடையாது. சிரித்தவர் முன்னே வந்து அதே அசைவைச் செய்து காட்ட வேண்டும். அதன் பிறகு சிரிப்பு குறைந்துவிட்டது!

• சேரும்போதே மாதக் கட்டணம், டிரஸ், பெல்ட் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்று எழுதி வாங்கி, ரசீதும் கேட்டு வாங்குகிறோம்.

• இரண்டு வாரம் வராத பிள்ளை வீட்டுக்கு ஊக்குநரோ பிரதிநிதியோ நேரில் போகிறார்.

அரசுப் பள்ளிகளிலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ், 6 முதல் 12-ஆம் வகுப்பு மாணவிகளுக்கு ராணி லட்சுமிபாய் பெயரில் மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி உண்டு. உங்கள் பள்ளியில் எப்போது நடக்கும் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். மூன்று மாதத்தில் முதல் மாதமே கூச்சத்தில் போய்விட்டால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? அதனால் அந்த முதல் மாதத்தில்தான் நாம் கூட நிற்க வேண்டும்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

"எனக்கு நாப்பத்தஞ்சு வயசு. இனிமே வருமா?"

வரும். பிள்ளைகளை விடக் கொஞ்சம் அதிக நாள் எடுக்கும். முட்டி வலி இருந்தால் ரொம்பத் தாழ்ந்து நிற்க வேண்டாம், குதிக்க வேண்டாம். பிரஷர், இருதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்ட பிறகே சேருங்கள்.

"என் பொண்ணுக்கு இடது கைப் பழக்கம். அதனால கஷ்டமா?"

இல்லை. கராத்தே அடிப்படைப் பயிற்சியில் இரண்டு பக்கமும் சமமாகப் பழக வேண்டும். இடது கைப் பிள்ளைக்கு இடது எளிது, வலது கஷ்டம். மற்றவர்களுக்கு மாறி இருக்கும். கணக்குச் சரிதான்.

"மாதவிலக்கு நாள்ல வரலாமா?"

உடம்பு இடம் கொடுத்தால் வரலாம். வலி இருந்தால் உட்கார்ந்து கை அசைவு மட்டும் பழகலாம். வகுப்புக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் பாடம்தான்.

"கூட சேர்ந்தவளுக்கு மஞ்சள் பெல்ட் வந்துடுச்சு. எனக்கு இன்னும் வெள்ளைதான்."

இருக்கட்டும். வெள்ளை பெல்ட்டில் ஒழுங்காகப் பழகிய அடிதான் கடைசி வரை கூட வரும். மாஸ்டர் தயார் என்று சொல்லும்போது தேர்வுக்குப் போங்கள்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

கராத்தேயில் குழம்புவது நோய் இல்லை. ஆனால் சில அடையாளங்களைக் கவனிக்க வேண்டும்.

பிள்ளைக்குச் சட்டைப் பட்டன் போடுவது, எழுதுவது, படி ஏறுவது போன்ற தினசரி வேலைகளிலும் சிறு வயது முதலே மிகுந்த கஷ்டம் இருந்தால் அது சோம்பேறித்தனம் இல்லை. அசைவுகளை ஒருங்கிணைப்பதில் வரும் வளர்ச்சிக் குறைபாடாக இருக்கலாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளும் மெதுவாகப் பழகலாம். ஒதுக்கிவிடாதீர்கள்.

நின்றால் தலைசுற்றல், சீக்கிரம் மூச்சு வாங்குதல், முகம் வெளுத்துப் போதல் இருந்தால் இரத்தசோகைக்குப் பரிசோதனை செய்யுங்கள். இரத்தம் குறைவான பிள்ளையைப் பார்த்து "சுறுசுறுப்பு இல்லை" என்று திட்டிப் பயன் இல்லை.

யாருக்காவது திடீரென்று வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கம் கை கால் தளர்ந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்

மூன்று மாதம் கராத்தே பழகிவிட்டால் யாரையும் அடித்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. ஆபத்து என்றால் சத்தம் போடுவது, கையை உதறிக்கொண்டு ஓடுவது, ஆள் உள்ள இடத்துக்குப் போவது, இவைதான் முதல் வழி. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. இந்த மூன்று எண்ணும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகத் தெரிய வேண்டும். எந்தப் பிள்ளைக்கு என்ன நேர்ந்தாலும், "நீ ஏன் திருப்பி அடிக்கல?" என்று கேட்காதீர்கள். தப்புச் செய்தவன்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் இத்தனை பாடுபட்டு ஏன் பழக வேண்டும்? நிமிர்ந்து நிற்கப் பழகுகிறது. குரல் வருகிறது. தடுமாறினாலும் ஊன்றி நிற்கலாம் என்று உடம்புக்குத் தெரிகிறது. "எனக்கு வராது" என்று நினைத்த ஒன்று தன் கையாலேயே வந்ததை ஒரு பிள்ளை பார்த்துவிட்டால், அடுத்து கணக்குப் பாடத்தைப் பார்த்தும், பேங்க் படிவத்தைப் பார்த்தும் அவ்வளவு சீக்கிரம் பயப்படாது. முதன்முதலில் பேங்க்கில் கையெழுத்துப் போடக் கை நடுங்கிய நமக்கு இது தெரியாதா?

அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை போன சனிக்கிழமை வந்திருந்தது. இடது கையில் சிவப்புக் கயிறு. நடு வரிசையில் நின்றது. மூன்று அடி சரியாகப் போனது, திரும்பும்போது மறுபடி தப்பானது. ஆனால் வகுப்பு முடியும் வரை இருந்தது. அதன் அம்மா ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது எங்களிடம், "ஏக்கா, அந்தத் துண்டு வச்சுப் பண்றது எப்படி? எனக்கும் ஒரு தடவ காட்டுங்க" என்று கேட்டார்.

வரும் கூட்டத்தில் சேமிப்பு, கடன் விவரம் பேசி முடித்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டுரையை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும். உங்கள் ஊரில் எந்தப் பிள்ளை வகுப்பை விட்டு நின்றிருக்கிறது என்று பெயரை எழுதுங்கள். மறுநாளே அந்த வீட்டுக்குப் போய், "வா கண்ணு, முதல்ல எல்லாருக்கும் இப்படித்தான்" என்று சொல்லுங்கள்.

மெதுவாகப் பழகுவோம், நடுவில் விடாமல் பழகுவோம், சேர்ந்தே பழகுவோம்.